எள்ளுத்தாத்தா எந்தக் கட்சி?

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு பட்டாளத்துத் தாத்தா இருப்பார். பெரும்பாலான வீடுகளில் அவர் எம்டனைச் சுட்டவர். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் கடற்கரைக்கு எதிரே வந்து நின்றது. பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. ஆனால் நம் தாத்தாக்கள் சுட்டதாகச் சொல்லும் குண்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், எம்டன் காசிமேட்டைத் தாண்டியிருக்கவே முடியாது.

எங்கள் வீட்டுத் தாத்தா எம்டனுக்கெல்லாம் மூத்தவர். கொள்ளுத்தாத்தாவுக்கும் அப்பா, எள்ளுத்தாத்தா. 1857இல் வடக்கே போய்ச் சண்டை போட்டவர். ஒவ்வொரு ஆகஸ்டு 15ஆம் தேதியும் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் கொடியேற்றிவிட்டுப் பெரியப்பா இதை மைக்கில் சொல்வார். "மொத சுதந்திரப் போர்ல எங்க வூட்டு ரத்தம் சிந்தியிருக்குது!" கைதட்டுவார்கள். ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். ஒரு வருஷம், எட்டாவது படித்துக்கொண்டிருந்த அத்தையின் பேத்தி மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, அவரு எந்த சைடு?"

மைக் அணைக்கப்படவில்லை. தெரு முழுக்கக் கேட்டது.

"நம்ம சைடுதான்" என்றார் பெரியப்பா. குரலில் லேசான கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது, தேடவும் ஆரம்பித்தேன்.

1857ஐ வெள்ளைக்காரன் கலகம் என்றான். சாவர்க்கர் சுதந்திரப் போர் என்றார். சென்னைக் கடற்கரையில் நின்று பார்த்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனி வீட்டுக்குள் நடந்த பங்காளிச் சண்டை. கம்பெனிக்கு வங்காளம், பம்பாய், மதராஸ் என்று மூன்று பட்டாளங்கள். மூன்றுக்கும் சிவப்புக் கோட்டு, மூன்றுக்கும் ஒரே டிரில், சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 ரூபாய். அந்த ஆண்டு மே 10ஆம் தேதி மீரட்டில் வங்காளப் பட்டாளம் முதலாளி மேலேயே துப்பாக்கியைத் திருப்பியது. கம்பெனி உடனே இந்தப் பக்கம் திரும்பி மதராஸ் பட்டாளத்தைக் கூப்பிட்டது. "உன் தம்பி என்னை அடிக்கிறான், வந்து அவனை அடி." மதராஸ் பட்டாளத்தில் அப்போது 52 நாட்டுக் காலாட்படை ரெஜிமெண்டுகள். எல்லாவற்றையும் வடக்கே அனுப்பவில்லை. அனுப்பப்பட்டவை கம்பெனிக்காகத்தான் போயின. டெல்லி பாதுஷாவுக்காகவோ ஜான்சி ராணிக்காகவோ இங்கிருந்து கப்பல் ஏற்றிவிட ஆள் இல்லை.

ஆக, எங்கள் தாத்தா நிஜமாகவே வடக்கே போயிருந்தால், பெரியப்பா இத்தனை வருஷம் கொடியேற்றியது எதிர்க்கட்சிக் கூட்டத்தில்.

முதல் சிக்கல் தாத்தாவின் பெயர். அது யாருக்கும் தெரியாது. எள்ளுப்பாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். கொள்ளுப்பாட்டி மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். ஆயா பெரிய மாமனார் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்து, எதற்கு வம்பு என்று அவளும் சொல்லவில்லை. மூன்று தலைமுறைப் பெண்கள் மரியாதை கொடுத்தே அந்த மனிதரின் பெயரை ஒழித்துவிட்டார்கள். மிஞ்சியது "பட்டாளத்தாரு". புளியந்தோப்புக்குப் பக்கத்தில் பட்டாளம் என்று ஒரு பேட்டையே இருக்கிறது; அந்தக் காலத்துப் பாளையம் விட்டுப்போன பெயர். பெரம்பூர் பாரக்ஸ் ரோடு என்று ஒரு சாலையும் இருக்கிறது. வேப்பேரிப் பக்கம் தொடங்கும் அந்தச் சாலையில் பாரக்ஸையும் காணோம், பெரம்பூரையும் காணோம். இந்த வட்டாரத்தில் "பட்டாளத்தாரு" என்று தேடுவது, ஜார்ஜ் டவுனில் "சேட்டு" என்று கேட்டுக்கொண்டு போவதற்குச் சமம்.

ஆவணங்களுக்கும் இதே மரியாதைப் பழக்கம் இருந்திருக்கிறது. கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய் அயர்லாந்தில் எந்த ஊரில் பிறந்தான், பட்டாளத்துக்கு முன்னால் என்ன தொழில் செய்தான், எந்தக் கப்பலில் வந்தான் என்று லண்டனில் பதிவேடு வைத்திருக்கிறார்கள். நம்மூர்ச் சிப்பாய் பெரும்பாலும் தலை எண்ணிக்கையில்தான் வருகிறார். இத்தனை ஐரோப்பிய அதிகாரிகள், பெயர் விவரத்தோடு. இத்தனை சுதேசிச் சிப்பாய்கள், மொத்தமாக. பெயர் இல்லாத ஆளைப் பெயர் எழுதாத காகிதத்தில் தேடினால் என்ன கிடைக்கும்? தும்மல்தான் கிடைக்கும்.

கடைசியில் துப்பு அத்தையிடமிருந்து வந்தது. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. திருவொற்றியூரில் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். "அவரு இருவத்தேயு பேர வெட்டுனவரு" என்றாள். அது குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இருபத்தேழு பேர். சித்தப்பா சொன்னாலும் இருபத்தேழு, வியாசர்பாடிப் பங்காளிகள் சொன்னாலும் இருபத்தேழு. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. வீட்டுப் பெருமையில் எண்ணிக்கை நிலையாக நிற்காது. ஐந்து பேரை அடித்தவர் அடுத்த தலைமுறையில் பத்து பேரை அடிப்பார், அதற்கடுத்த தலைமுறையில் நூறு. ஒன்றரை நூற்றாண்டாக ஓர் எண் ஒன்றுகூட ஏறாமல் இறங்காமல் அப்படியே இருக்கிறது என்றால், அது வெட்டிய கணக்கு இல்லை.

அது ரெஜிமெண்ட் நம்பர். 27வது மதராஸ் நாட்டுக் காலாட்படை.

"யாரையும் வெட்டலயா?" என்றாள் அத்தை. கொஞ்சம் ஏமாற்றம். பிறகு, "சரி வுடு, பாவம் கொறஞ்சுது" என்றாள்.

இரண்டாவது துப்பையும் அவளே கொடுத்தாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு பெரிய வெள்ளிக் காசு இருந்ததாம். ஒரு பக்கம் ஒரு பொம்பளைத் தலை. மறு பக்கம் ஒரு அம்மன், பின்னால் சிங்கம் நிற்கும், கையில் மாலையை நீட்டிக்கொண்டு இருப்பாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த அம்மனுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டியிருக்கிறார்கள். ஆயாவுக்குக் கண்வலி வந்தபோது அந்தக் காசைக் கழுவிய தண்ணீரைக் கண்ணில் விட்டு, சரியாகியும் இருக்கிறது.

நான் அத்தையிடம் சொல்லவில்லை; உங்களிடம் சொல்கிறேன். அந்த அம்மன் பெயர் பிரிட்டானியா. பிஸ்கட் பாக்கெட்டில் பெயர் வருகிற அதே ஆத்தாள். 1857-58 சண்டையில் கம்பெனி பக்கம் நின்றவர்களுக்குக் கொடுத்த பதக்கம் அது. முன்பக்கம் விக்டோரியா ராணியின் இளவயதுத் தலை, பின்பக்கம் பிரிட்டானியாவும் சிங்கமும், வெள்ளை நாடாவில் இரண்டு சிவப்புக் கோடு. தெருமுனையில் பெரியப்பா பாரத மாதாவுக்கு ஜே போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வீட்டுக்குள் இங்கிலாந்து மாதாவுக்குச் சூடம் எரிந்திருக்கிறது.

இந்தப் பதக்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வாங்கியவரின் பெயரை அதன் விளிம்பில் பொறித்துத் தருவார்கள். ஆகவே தாத்தாவின் பெயர் உலகத்தில் ஓர் இடத்தில் எழுதியிருந்தது. "காசு எங்க அத்தே?" என்றேன். "பெரிய அக்கா கல்யாணத்துக்கு மெட்டி வேணும்னு உருக்கிட்டாங்கடா" என்றாள். வாயால் சொல்லக் கூடாத பெயரைக் கடைசியில் காலில் போட்டுக்கொண்டார்கள். அந்த மெட்டியும் பிறகு வண்ணாரப்பேட்டை அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவில்லை.

சரி, பெயர் போனது. 27 இருக்கிறது. 27ஐப் பிடித்துக்கொண்டு வடக்கே போகலாம்.

அதற்கு முன்னால் மதராஸ் பட்டாளத்தின் லட்சணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு மாகாணத்து வெள்ளைக்காரர்கள் இதை மதிக்கவே இல்லை. மதராஸில் வேலை பார்த்த வெள்ளைக்காரனுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயரே நம் மிளகுத்தண்ணியிலிருந்து எடுத்ததுதான். மூன்று வேளையும் ரசம் குடித்துவிட்டுத் தூங்குகிறவன் என்று அர்த்தம். ஆனால் கலகம் என்ற கலையில் நாம்தான் சீனியர். மீரட்டுக்கு 51 வருஷம் முன்பே, 1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலை, வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் எழுந்தார்கள். காரணம் தொப்பி. புது மோஸ்தரில் ஒரு தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், கூடவே நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. கோட்டையைப் பிடித்துத் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். பிறகு, கொடி ஏற்றியாயிற்று என்று பலர் அரண்மனையில் என்ன கிடைக்கும் எனப் பார்க்கப் போய்விட்டார்கள். அதற்குள் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது, செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். கவர்னர் பெண்டிங்க் பிரபுவையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. தொப்பியையும் திரும்பப் பெற்றார்கள். ஒரு தொப்பிக்காக ஒரு கவர்னரை வீட்டுக்கு அனுப்பிய பட்டாளம் இது. அதனால் 1857இல் மதராஸ் அதிகாரிகள் சிப்பாயின் தலையில் எதை வைப்பதற்கும் முன்னால் நூறு தடவை யோசித்தார்கள்.

இனி கப்பல். மதராஸ் சிப்பாய்க்குக் கடல் தாண்டுவது புதிதல்ல. ஜாவா, ரங்கூன், சீனா எல்லாம் போய்வந்த கூட்டம். கஷ்டம் கடலில் இல்லை, கரையில்தான் இருந்தது. 1857இல் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் தூரத்தில் நிற்கும். அங்கே போக மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும். உள்ளே இருப்பவரின் வயிறு வளைந்து கொடுக்காது. அலை மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் படகு செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். முழுச் சிவப்புக் கம்பளிக் கோட்டு, தோல் பட்டை, துப்பாக்கி, மூட்டை, பித்தளைச் சொம்பு இவ்வளவோடும் எங்கள் எள்ளுத்தாத்தா இதில் உட்கார்ந்திருக்கிறார். முதல் சுதந்திரப் போரில் எங்கள் வீடு முதலில் சிந்தியது ரத்தம் அல்ல, காலைக் கஞ்சி.

இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் அம்மா வழியில் எல்லோரும் ராயபுரம் படகுக்காரர்கள். எவ்வளவு பெரிய வெள்ளைக்காரன் ஆனாலும் கரையிலிருந்து கப்பலுக்குப் போக அவர்களிடம்தான் வர வேண்டும். நடு அலையில் நிறுத்திக் கூலியைக் கூட்டிக் கேட்டால் கவர்னரும் பேரம் பேச முடியாது. வம்சம் தேடுவதென்றால் அந்தப் பக்கம் தேடியிருக்கலாம். ஆனால் படகுக்காரனைப் பற்றித் தெருமுனையில் யாரும் மைக் பிடிப்பதில்லை.

அதே கடற்கரையிலிருந்து அந்த மே மாதம் முதலில் போனவர்கள் வெள்ளைக்காரர்கள், முதலாம் மதராஸ் ஃபுசிலியர்ஸ். தலைவன் கர்னல் நீல். இந்த ஆளுக்குக் காத்திருப்பது என்றால் ஆகாது, மற்றவர்கள் அவனுக்காகக் காத்திருக்கலாம். ஹௌரா ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் நேரம். நீலின் ஆட்கள் இன்னும் ஆற்றைத் தாண்டி வரவில்லை. நேரமாகிவிட்டது, எடுக்க வேண்டும் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நீல் அவரையும் என்ஜின் டிரைவரையும் கரி தள்ளுகிறவரையும் காவலில் வைத்துவிட்டான். ஆட்கள் வந்து ஏறினார்கள், வண்டி தாமதமாகப் போனது. இந்தியாவில் ரயில் தாமதத்துக்கு இவ்வளவு தெளிவான காரணம் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

சிரிப்பு அந்த ஸ்டேஷனோடு முடிகிறது. பிறகு அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் செய்தவை தூக்குமரக் கணக்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் சுடப்பட்டுச் செத்தான். மதராஸ் அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தது. 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது. காமராஜரும் அதில் இருந்தார். 1937இல் ராஜாஜி அரசாங்கம் சிலையைக் கிளப்பி எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பியது.

இப்போது கான்பூர். 1857 நவம்பர். தளபதி காலின் காம்ப்பெல் லக்னோவுக்குப் போகும்போது, கங்கைப் பாலத்தையும் அதன் காவல் அரணையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி விண்டாம் என்ற ஜெனரலிடம் ஒப்படைத்தார். கிரிமியப் போரில் பேர் வாங்கிய ஆள். உள்ளேயே இரு, வலியப் போய்ச் சண்டை இழுக்காதே என்பதுதான் உத்தரவு. விண்டாமின் கையில் இருந்த கலவைக் கூட்டத்தில் பிரிகேடியர் கார்த்யூ தலைமையில் மதராஸ்காரர்கள் கொஞ்சம் பேர், 27வது ரெஜிமெண்டின் ஒரு பகுதி. எதிரே தாந்தியா தோபே, குவாலியர் கன்டின்ஜென்டோடு.

இந்தக் குவாலியர் கூட்டம் யார்? சிந்தியா மகாராஜா செலவில், கம்பெனி அதிகாரிகள் பழக்கிய படை. பயிற்சி அதே பயிற்சி, பீரங்கி அதே பீரங்கி. கலகக்காரச் சிப்பாய்கள் அந்தச் சண்டை முழுக்க இங்கிலீஷ் டிரில் உத்தரவுகளைத்தான் பயன்படுத்தினார்கள். வெள்ளைக்காரன் பேண்டு மெட்டையே வாசித்துக்கொண்டு வந்தார்கள். கான்பூர் செங்கல் சூளைகளுக்கு நடுவே எங்கள் தாத்தா நிற்கிறார். காதில் இங்கிலீஷில் ஓர் உத்தரவு விழுகிறது. திரும்புகிறார். அது எதிரியின் உத்தரவு. இவர் பக்கத்து அதிகாரி ஸ்காட்லாந்துக்காரராக இருந்தால் அந்த இங்கிலீஷ் இன்னும் மோசமாகப் புரியும்.

விண்டாமுக்கு உள்ளே உட்கார முடியவில்லை. 26ஆம் தேதி வெளியே போனார், பாண்டு நதிக் கரையில் முன்னணிப் படை ஒன்றை அடித்தார், மகிழ்ச்சியாகத் திரும்பினார். 27ஆம் தேதி தாந்தியா மொத்தக் கூட்டத்தோடு வந்தார். அன்றும் மறுநாளும் நடந்தவற்றை ராணுவ நூல்கள் கௌரவமாகப் பின்வாங்கல் என்று எழுதும். கூடாரங்கள், துணிமணி, மூட்டை முடிச்சு எல்லாம் எதிரியின் கையில் போய்ப் புகையாகக் கிளம்பின. 28ஆம் தேதி பகல் முழுக்கக் கார்த்யூ தன் முனையை விடாமல் நின்றார், மாலையில் அவரும் அரணுக்குள் வந்துவிட்டார். உள்ளே சுவரோரம் நெருக்கியடித்துக்கொண்டு, வட இந்திய நவம்பர் குளிரில், போர்வைகூட எரிந்துபோன நிலையில், எங்கள் குலப் பெருமை நடுங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். லக்னோவிலிருந்து காம்ப்பெல் விழுந்தடித்துக்கொண்டு வந்து, டிசம்பர் 6ஆம் தேதி தாந்தியாவை விரட்டினார். பதக்கத்தில் டெல்லிக்கு ஒரு வெள்ளிப் பட்டை உண்டு, லக்னோவுக்கு விதவிதமாக உண்டு, மத்திய இந்தியாவுக்கு உண்டு. கான்பூருக்குக் கிடையாது. அதைக் கொண்டாட யாருக்கும் மனசில்லை.

வியாசர்பாடிப் பங்காளிகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கட்சியில் தாத்தா "நவாப் பொக்கிஷத்துல" பங்கு வாங்கியவர். அந்தப் பங்கை எங்கள் கிளைதான் அமுக்கிவிட்டது. இது வெறும் பொறாமை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பொக்கிஷம் நிஜம். 1858 ஏப்ரலில் ஜெனரல் விட்லாக் என்பவர் மதராஸ் படைப் பிரிவோடு பண்டா நவாபைத் தோற்கடித்தார். ஜூனில் பக்கத்து கிர்வியை நோக்கி நடந்தார். அங்கே ஆட்சியில் இருந்த சிறுவன் ராவ் ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்துவிட்டான். உள்ளே தங்கமும் ரத்தினமும் வெள்ளியும், பல லட்சம் பவுனுக்கு.

அதற்கப்புறம்தான் உண்மையான போர். அந்தக் கொள்ளையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று, வடக்கிலும் மேற்கிலும் எங்கெங்கோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நின்றிருந்த தளபதிகளும் படைகளும் வக்கீல் வைத்தார்கள். நாங்கள் அங்கே சண்டை போட்டதால்தான் இவர் இங்கே சண்டை இல்லாமல் அள்ளினார் என்பது வாதம். வழக்கு லண்டனில், கப்பல் விவகாரங்களை விசாரிக்கும் கடல் நீதிமன்றத்துக்குப் போனது. கிர்வியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் பக்கத்தில் கடல் கிடையாது. 1866இல் 84 வயது நீதிபதி லஷிங்டன் தீர்ப்புச் சொன்னார்: விட்லாக்கின் படைக்கும், தலைமைத் தளபதி என்ற முறையில் காம்ப்பெல் தரப்புக்கும்தான் பங்கு, மற்றவர்கள் போகலாம். எட்டு வருஷம். அதற்குள் காம்ப்பெல்லே செத்துப்போயிருந்தார். 27வது ரெஜிமெண்ட் கான்பூரில் கூடாரத்தைப் பறிகொடுத்த கோஷ்டி என்றும், நாங்கள் அமுக்க அங்கே ஒன்றுமில்லை என்றும் வியாசர்பாடிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. தகராறு தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்தத் தேடலில் நான் அதிக நேரம் நின்ற இடம் கான்பூரும் அல்ல, கிர்வியும் அல்ல. பூந்தமல்லி.

அதே 1857இல் பெங்களூரிலிருந்த 8வது மதராஸ் குதிரைப் படையை வங்காளத்துக்குப் போகச் சொன்னார்கள். சென்னைக்கு வந்து கப்பல் ஏற வேண்டும். ஆற்காட்டிலிருந்து ராயபுரத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இவர்கள் குதிரைமேலேயே வந்தார்கள். சென்னைக்கு 25 மைல் இருக்கும்போது நின்றார்கள். 1837க்கு முன்னால் என்ன சம்பளம், என்ன பென்ஷன், என்ன படி கொடுத்தீர்களோ, அதைக் கொடுங்கள் என்றார்கள். லாரி டிரைவர்கள் இன்றும் லோடு ஏற்றும் முன் கேட்டு வாங்கும் பேட்டாதான் அந்தப் படி. வடக்கே வீடு பற்றி எரியும்போது பேரம் பேச முடியுமா? அரசாங்கம் கேட்டதையெல்லாம் கொடுத்தது. படை மறுபடி நடந்தது. 13 மைல் தள்ளிப் பூந்தமல்லி வந்தது. அங்கே நின்றார்கள். இந்தத் தடவை காசு கேட்கவில்லை. எங்கள் நாட்டு ஆட்களோடு சண்டை போட மாட்டோம், வர மாட்டோம் என்றார்கள்.

25 மைலில் கேட்டது கிடைத்துவிட்டது. 12 மைலில் வேண்டாம் என்று சொல்கிறார்கள். நடுவில் அந்த 13 மைலில் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள் என்று எழுதி வைத்தவர் இல்லை. எந்த வரலாற்று நூலையும் விட அந்தப் பேச்சைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. அரசாங்கம் பீரங்கிகளைக் காட்டி நிறுத்தி, குதிரைகளையும் கைத்துப்பாக்கிகளையும் பிடுங்கிக்கொண்டது. ஆட்களை ஆற்காட்டுக்கு அனுப்பியது. பிறகு ரெஜிமெண்டையே கலைத்தது. குதிரைகளைக் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏற்றியது. மசூலாப் படகில் ஏறி, அலை தாண்டி, வங்காளம் போய்ச் சேர்ந்தவை குதிரைகள் மட்டும். அவற்றிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

போனவர்களுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியன் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று முடிவு கட்டினார். அதிலிருந்து மதராஸ் காலாட்படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1928இல் மிச்சமிருந்ததையும் சிக்கனத்தின் பேரில் மூடினார்கள். ஹிட்லரோடு போர் வந்த பிறகு, 1941இல், தென்னிந்தியனுக்கு வீரம் திரும்ப முளைத்துவிட்டது. ரெஜிமெண்டை மறுபடி திறந்தார்கள். இந்த மரியாதைக் கணக்கில் பூந்தமல்லிக் குதிரைப் படைக்காரர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அவர்கள் வீட்டுச் சாமி மாடத்தில் காசு இல்லை, பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்ள நம்பரும் இல்லை. வேலை போன ஆள் வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வார்கள் என்று வடசென்னைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் அத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பெரியப்பாவிடம் சொன்னேன். கான்பூரை எதிர்பார்த்ததைவிட அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பூந்தமல்லி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, நம்மாளு அந்தக் குதுரப் படையில இருந்திருக்கலாம்ல?"

"அதுல பெரும்பாலும் முஸ்லிம்கள், பெரிப்பா."

"அதனால இன்னா? பக்ரீதுக்கு நம்ம வூட்டுக்குப் பிரியாணி வர்றதில்ல?"

"நம்பர் இடிக்குதே. இருபத்தேழு."

"இருவத்தேயு குதுரன்னு வெச்சுக்க" என்றார் பெரியப்பா. ஒரு நொடியில் கால்படை குதிரைப்படை ஆகிவிட்டது. கம்பெனி செய்ய முடியாத பதவி உயர்வு.

அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினாள். "குதுரய புடுங்கிக்கினு கல்கத்தா அனுப்புனாங்கன்றியே, அதுக்கு ரசீது குடுத்தாங்களா?"

"தெரியல அத்தே."

"சம்பளம் பாக்கி?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் பெரியப்பாவைப் பார்த்தாள், பெரியப்பா அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்று பல வருஷம், மெட்டி விவகாரம்தான். இப்போது ஒன்று சேர்ந்துவிட்டார்கள். கம்பெனி இல்லாவிட்டால் அதன் கடனை யார் ஏற்றுக்கொண்டார்கள், ராணிக்கு எழுதுவதா டெல்லிக்கு எழுதுவதா, 27 குதிரைக்கு வட்டி எவ்வளவு வரும் என்று விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. லஷிங்டன் கதையை நான் சொல்லியிருக்கக் கூடாது. பாரிமுனையில் கப்பல் கேஸ் நடத்தும் வக்கீல் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்கிறார் பெரியப்பா. வியாசர்பாடிக்கு மட்டும் இது தெரியக் கூடாதாம், பங்குக்கு வந்துவிடுவார்கள்.